வினை கடைசியில்

‘மூன்றையும் நான்கையும் கூட்டு’ என்றுதான் தமிழில் சொல்கிறோம்; வினை கடைசியில் வரும். பைத்தானில் ஒரு ஃபங்ஷனை அழைக்க உட்கார்ந்தால் வினை முன்னால் போய்விடும். மூன்றும் நான்கும் அதன் பின்னே அடைப்புக்குறிக்குள் காத்திருக்கும். வருஷக்கணக்கில் அப்படியே எழுதி, அது வெறும் வழக்கம்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஃபோர்த் படிக்க ஆரம்பித்தேன். (இதை நம்பி எவரும் வேலை தரமாட்டார்கள், அதனாலேயே நிம்மதியாகப் படிக்க முடிந்தது.) சார்லஸ் மூர் தம் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொண்ட மொழி. 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கிட் பீக் மலையில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இதைக் கொண்டுதான் இயக்கினார். நான்காம் தலைமுறை என்ற பொருளில் வைத்த பெயர். அவரிடமிருந்த ஐபிஎம் 1130 கணினி ஐந்து எழுத்துக்கு மேல் பெயரை ஏற்காது என்பதால் ஆங்கிலச் சொல்லிலிருந்து ஒரு ‘யு’ உதிர்ந்தது.

ஃபோர்த்தில் 3 4 + என்று எழுத வேண்டும். எண்கள் அடுக்குப்பானை போல ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். + வந்து மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை அங்கேயே வைக்கும். எந்தப் பானை எங்கே இருக்கிறது என்பதை எழுதுகிறவர்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மூன்று வரை சமாளித்தேன். நான்காவதில் தலை சுற்றியது. அடுக்கைப் புரட்டும் கட்டளைகளைத் தேடித் தேடிப் போட்டுப் பார்த்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். வேலையைத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பெயர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் துண்டை ஃபோர்த்காரர்கள் ‘சொல்’ என்றே அழைக்கிறார்கள். நல்ல சொல் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு.

பிறகு அலுவலகத்தில், நானே எழுதிய பைத்தான் ஃபங்ஷன் ஒன்றைத் திறந்தேன். ஒன்பது ஆர்க்யுமென்ட். டெஸ்ட் எல்லாம் பாஸ். குறை சொல்ல ஆளில்லை. பிரிக்க உட்கார்ந்தபோதுதான் ஒன்பதில் நான்கு எப்போதும் ஒன்றாகவே பயணிப்பது கண்ணில் பட்டது: கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. நான்கு பொருள் அல்ல அவை. விலாசம் என்று பெயர் வைக்க நான் மறந்த ஒரே பொருள். அந்தக் கோப்பை எத்தனையோ முறை திறந்து மூடியிருக்கிறேன்.

ஃபோர்த்தில் சொல்லின் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் சரி, நடுவே இடைவெளி கூடாது, அவ்வளவுதான். : கூட்டு + ; என்று ஒரு வரி எழுதிவிட்டு, 3 4 கூட்டு . என்று அடித்தேன். 7 வந்தது. கடைசியில் இருக்கும் அந்தப் புள்ளியும் ஒரு வினைதான்: மேலே இருப்பதை எடுத்துக் காட்டு.