நேற்று ஒன்று, இன்று ஒன்று: விஞ்ஞானம் பேச்சு மாற்றுகிறதா?

"விஞ்ஞானிங்க நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு வேற ஒண்ணு சொல்றாங்க. நாளைக்கு என்ன சொல்வாங்களோ! நம்ம முன்னோர் சொன்னது மட்டும்தான் மாறவே இல்ல."

ஆக்லாந்தில் நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். பிறந்தநாள் விருந்தாக இருக்கட்டும், கோயில் அன்னதான வரிசையாக இருக்கட்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவாக இருக்கட்டும், யாராவது ஒருவர் சொல்வார். நாலு பேர் தலையாட்டுவார்கள். பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் காதிலும் அது விழத்தான் செய்கிறது.

இதில் பாதி உண்மை. விஞ்ஞானம் மாறுகிறதுதான். ஆனால் அது எப்படி மாறுகிறது, மாறும்போது எது நிலைக்கிறது, எது போகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. இதைப் பார்க்க ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. ஒரு கதை இந்த நாட்டின் நூறு டாலர் நோட்டில் இருக்கிறது. இன்னொன்று தமிழர்கள் உழைத்த ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில் இருக்கிறது.

நோட்டில் மீசையோடு இருப்பவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. 1871இல் நெல்சன் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1895இல் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். 1897இல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் அதே தாம்சன். அவர் அணுவுக்கு ஒரு படமும் வரைந்தார். நேர்மின்னூட்டம் அணு முழுக்கப் பரவியிருக்கும், எலக்ட்ரான்கள் அதற்குள் ஆங்காங்கே பதிந்திருக்கும் என்றார். நம் வீட்டுக் கேசரியில் முந்திரி பதிந்திருப்பது மாதிரி.

1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும், அப்போது மாணவராக இருந்த எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஊடுருவிப் போய்விட்டன. ஆயிரக்கணக்கில் ஏதோ ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. கேசரிக்குள் எறிந்த கல் திரும்பி வருமா? உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தால்தான் வரும். 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே ஒரு சிறிய, கனமான கரு இருக்கிறது என்று எழுதினார். மார்ஸ்டன் பிறகு நியூசிலாந்துக்கே வந்து இங்கே அறிவியலை வளர்த்தார். இந்த நாட்டின் மார்ஸ்டன் ஆராய்ச்சி நிதி அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆசிரியர் வரைந்த படத்தை மாணவர் கழற்றி வைத்துவிட்டார். ஆனால் ஆசிரியர் அளந்து கண்ட எலக்ட்ரான் எங்கேயும் போகவில்லை. இன்றும் நம் வீட்டு மின்கம்பியில் ஓடுவது அதுதான். அளந்தது நின்றது, அளந்ததை வைத்துச் செய்த ஊகம் மாறியது. "எல்லாமே மாறிப்போச்சு" என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது கதை கோலார் தங்கவயலில் நடந்தது. இன்றைய கர்நாடகத்தில் இருந்தாலும் அது தமிழ் பேசிய ஊர். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் இறங்கின. அவர்களில் மிகப் பலர் தலித் மக்கள். பாறை வெடித்தும், கல் தூசி நுரையீரலில் படிந்தும் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் தோண்டிய ஆழம்தான் விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது. வானிலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைப் பாறை தடுத்துவிடும். பாறையையும் பூமியையும் தாண்டி வரக்கூடியது நியூட்ரினோ மட்டும்தான்.

1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், மியாகே, உல்ஃபெண்டேல் முதலியோர் அந்தக் குழுவில் இருந்தனர். காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்களின் தடம் அங்கே பதிவானது. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் ஃபிரடெரிக் ரெய்ன்ஸின் குழுவும் அதே ஆண்டு அதையே பதிவு செய்தது. இது வெற்றிக் கதை. இதைச் சொல்ல நமக்குப் பிடிக்கும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1970களில் சில கோட்பாடுகள், புரோட்டான் நிரந்தரமானதல்ல, என்றாவது சிதையும் என்றன. எப்போது? ஒரு கணக்குப்படி சராசரியாக 1க்குப் பின்னால் சுமார் 30 பூஜ்ஜியம் போட்ட ஆண்டுகள் கழித்து. ஒரு புரோட்டானை வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆனால் ஒரு டன் இரும்பிலேயே புரோட்டான்களும் நியூட்ரான்களுமாக 6க்குப் பின்னால் 29 பூஜ்ஜியம் போட்ட எண்ணிக்கை இருக்கிறது. அப்படிப் பல டன்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆண்டுக்குச் சிலவாவது சிதைய வேண்டும். கோலாரில் சுமார் 140 டன் எடையுள்ள கருவியை வைத்துக் காத்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில், புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சொல்லத்தக்க சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். உலகம் முழுக்க இயற்பியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அறிவித்தவர்கள் எப்படிப் பார்த்தோம், எத்தனை பார்த்தோம் என்பதையெல்லாம் மற்றவர்கள் சரிபார்க்கும்படி வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் கமியோகா சுரங்கத்திலும் இன்னும் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் தயாராயின. ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை அவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஒரு புரோட்டான்கூட அசையவில்லை. கோலாரின் அறிவிப்பு நிற்கவில்லை. கோட்பாட்டின் எளிய வடிவமும் கூடவே விழுந்தது. புரோட்டானின் ஆயுள் 1க்குப் பின்னால் 34 பூஜ்ஜியம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்று இன்றைய சோதனைகள் காட்டுகின்றன.

சரி, அப்போ இத்தனை வருட உழைப்பும் வீணா?

இல்லை. புரோட்டானுக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தொல்லை கொடுத்தது காற்று மண்டல நியூட்ரினோக்கள். போலிச் சமிக்ஞை தரும் இந்தத் தொல்லையைக் கழிக்க, முதலில் அதைச் சரியாக எண்ண வேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு வகை, மியூவான் நியூட்ரினோ, கணக்கைவிடக் குறைவாக வந்தது. முதலில் யாரும் முழுசாக நம்பவில்லை. ஜப்பானில் 50,000 டன் தண்ணீரோடு சூப்பர் கமியோகாண்டே கட்டப்பட்டது. 1998இல் தெளிவான விடை வந்தது. தலைக்கு மேலிருந்து வருபவை கணக்குப்படி இருந்தன. பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருபவை ஏறத்தாழப் பாதிதான். நம் ஆக்லாந்து வானத்தில் பிறப்பவற்றிலும் சில அப்படிச் சாய்வாகப் பூமிக்குள் புகுந்து அந்தத் தொட்டிக்குப் போகின்றன. வழியில் அவை வேறு வகையாக மாறிவிடுகின்றன. மாற வேண்டுமென்றால் அவற்றுக்கு நிறை இருக்க வேண்டும். அதுவரை இயற்பியலின் அடிப்படை மாதிரி, நியூட்ரினோவுக்கு நிறை இல்லை என்றுதான் வைத்திருந்தது. 2015இல் தகாக்கி கஜிதாவுக்கும், கனடாவில் சூரிய நியூட்ரினோக்களை ஆராய்ந்த ஆர்தர் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புரோட்டான் சிதைவைத் தேடிப் போனவர்கள் அதைக் காணவில்லை. கழிக்க நினைத்த இரைச்சலில்தான் புதிய உண்மை இருந்தது. இரைச்சலை நேர்மையாக எண்ணியதால்தான் அது அகப்பட்டது.

பேச்சு மாற்றுகிறவர் இப்படி மாற மாட்டார். அவர் வசதிக்கு மாறுவார். விஞ்ஞானத்தில் எந்த அளவு சான்று வந்தால் ஏற்போம் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் போன்ற ஒரு புதிய துகளை அறிவித்தது. அதற்கு வைத்திருந்த அளவுகோல், துகள் இல்லாமலேயே தற்செயலாக அப்படியொரு சமிக்ஞை வரும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்றாகவாவது குறைய வேண்டும் என்பது. அதுவும் இரண்டு தனித்தனிக் குழுக்கள் காண வேண்டும். அவற்றில் ஒன்றான சிஎம்எஸ் குழுவில் ஆக்லாந்து பல்கலைக்கழகமும் இருந்தது. நம் பிள்ளைகள் படிக்கப் போகும் அதே பல்கலைக்கழகம்.

இந்தப் பழக்கம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குத் தேனி நல்ல உதாரணம். கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வந்தது. 2022இல் தமிழக அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. காடு என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும், பாறையை வெடிவைத்துக் குடைந்தால் என்ன ஆகும் என்று ஊர் மக்கள் கேட்டது நியாயமான கேள்விகள். அளந்து, அவர்கள் மொழியில், அவர்கள் ஊருக்கே போய்ப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நியூட்ரினோ உடம்பைத் துளைத்து நோய் தரும் என்று பரவியது வேறு ரகம். சூரியனிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் நகத்தளவு இடத்தின் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இரு தரப்பிலும் "இந்தச் சான்று வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்" என்று சொன்னவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நின்றால் அறிவியலும் நடக்காது, ஜனநாயகமும் நடக்காது.

சாதாரண ஆளால் இதையெல்லாம் சோதிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. யாரோ ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எது நடந்தால் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வார் என்பதை ஒருவர் முன்கூட்டியே சொல்கிறாரா? சொன்னால் அவரைக் கேட்கலாம். எது வந்தாலும் தான் சொன்னதே சரி என்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம், அவர் டாக்டரானாலும் சரி, சாமியாரானாலும் சரி.

இங்கே வளரும் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. "அணுவை நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று பார்வர்டு செய்தி அனுப்பி அவர்களுக்குப் பெருமை ஊட்டப் பார்க்கிறோம். அவர்கள் பள்ளியில் சான்று எங்கே என்று கேட்கப் பழகியவர்கள். வீட்டிலும் கேட்பார்கள். பதில் இல்லையென்றால், தமிழ் என்றாலே ஆதாரமில்லாத பேச்சு என்ற எண்ணம் வந்துவிடும். அந்த நட்டம் பெரியது.

அதற்குப் பதிலாகக் கோலாரைச் சொல்லுங்கள். நம் மக்கள் உயிரைக் கொடுத்துத் தோண்டிய ஆழத்தில், உலகில் முதன்முதலாக நடந்த சோதனைகளில் ஒன்று நடந்தது என்று சொல்லுங்கள். அங்கே ஒரு முறை அறிவித்தது நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சேர்த்தே சொல்லுங்கள். சரிபார்க்கும்படி உழைப்பை உலகத்தின் முன் வைத்தவர்களைப் பற்றிப் பெருமைப்பட, பிள்ளைகள் எந்தக் கேள்வியையும் விழுங்க வேண்டியதில்லை.