மூக்கும் பொறுமையும்

மனித முகத்தில் மூக்கைப் போல் உழைக்கும் உறுப்பு வேறு இல்லை. சுவாசிப்பது அதன் சொந்த வேலை. அது போதாதென்று கண்ணாடியைச் சுமக்கிறது, மூக்குத்தியைத் தாங்குகிறது, சிலரிடத்தில் பொடிக்கும் இடம் கொடுக்கிறது. இவ்வளவும் செய்த பிறகு, "இதுவும் ஒரு மூக்கா?" என்ற ஏச்சையும் அதுவே வாங்கிக்கொள்கிறது.

இந்த வாரம் மூக்கைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. என் தமக்கையின் மகள் சில மாதங்களுக்கு முன் தன் மூக்கைத் திருத்தி அமைத்துக்கொள்ள ரண சிகிச்சை செய்துகொண்டாள். மூக்கின் நடுவே சிறு மேடு. அதுதான் அவள் கண்ட குறை. படித்து, உத்தியோகம் பார்த்து, சொந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு விஷயத்தை வெளியிட்டாள். வீட்டில் பெரிய விவாதம் மூண்டது. "ஆண்டவன் கொடுத்த மூக்கில் கத்தி வைக்கலாமா?" என்றாள் என் தமக்கை. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்து ஒரு சிறு பிரசங்கம் செய்வதற்குத் தொண்டையைக் கனைத்தேன். அப்போது அந்தப் பெண், "மாமா, ஏழு வயதில் எனக்குக் 'கிளிமூக்கு' என்று பெயர் வைத்தது யார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பிரசங்கம் அங்கேயே நின்றுவிட்டது. வேடிக்கையாகச் சொன்ன சொல். நான் மறந்து வெகுகாலமாயிற்று. அவளோ இத்தனை வருஷமாக அதைச் சுமந்து வந்திருக்கிறாள். ஆகவே, மூக்கைத் திருத்திக்கொள்வது சரியா, தவறா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சிகிச்சைக்குப் பின் அவளைப் பார்த்துக்கொள்வதில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டேன். அதில் கற்றதைச் சொல்லும் யோக்கியதை மட்டும் உண்டு.

சரித்திர உபாத்தியாயனான எனக்கு அந்த நாட்களில் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வந்தது. 1792-ஆம் வருஷத்து யுத்தத்தில், ஆங்கிலப் படையில் மாடு ஓட்டியாக இருந்த கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புனாவுக்கு அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794-இல் லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்ற பத்திரிகையில் இச்செய்தி வெளிவந்தது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-இல் லண்டனில் இச்சிகிச்சையைச் செய்து பார்த்து, 1816-இல் புத்தகமும் எழுதினார்.

கத்தி வேலையின் பெருமையை எல்லோரும் சொல்வார்கள். பத்திரிகையில் வந்த குறிப்பில் என் மனத்தைக் கவர்ந்தது பிற்பாடு நடந்த பராமரிப்புதான். காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணிப்பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நாலு நாள் தொடாமல் விட்டார்களாம். பிறகு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் மூடிப்போகாமல் மெல்லிய துணியை உள்ளே வைத்தார்கள். நெற்றியோடு மூக்கை இணைத்திருந்த தோலைச் சுமார் இருபத்தைந்தாம் நாள்தான் அறுத்தார்கள். கத்தி வேலை சிறிது நேரம். காவல் வேலை பல நாள்.

இன்று செய்யும் அழகு சிகிச்சை வேறு விதம். தோலுக்கு அடியில் உள்ள எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கியோ, மாற்றி அமைத்தோ உருவத்தைத் திருத்துகிறார்கள். ஆனால் காவல் வேலை குறைந்துவிடவில்லை. அது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் விதி, தலை உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி மல்லாந்து படுப்பது நல்லது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் ஏறும். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போகும். பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அந்தக் கறுப்பு மாறிவிடும். குளிர்ந்த துணியைக் கண்ணின் மேலும் கன்னத்தின் மேலும் மெதுவாக வைக்கலாம். மூக்கின் மேல் எதையும் அழுத்தக் கூடாது. மூக்கின் மேல் வைத்த கட்டு சுமார் ஒரு வாரம் இருக்கும். அதை நனைக்காமலும் அசைக்காமலும் காப்பது வீட்டார் பொறுப்பு.

இரண்டாவது, மூக்கைச் சிந்தக் கூடாது. உள்ளே வீக்கமும் உறைந்த இரத்தமும் இருப்பதால் மூக்கு அடைத்துக்கொண்டேயிருக்கும். சிந்தினால் தேவலை என்று கை பரபரக்கும். சிந்தினால் இரத்தம் பெருகலாம். அமைத்த வேலையும் கெடலாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வைத்தியர் கொடுத்த உப்பு நீரைச் சொன்ன அளவில் விட்டு வந்தால் உள்ளே காய்ந்தது இளகும். விரலுக்கும், பஞ்சுக்கும், பொடிக்கும் அங்கே வேலை இல்லை.

மூன்றாவது, கைவைத்தியத்தை நிறுத்திவைக்க வேண்டும். என் தமக்கை இரண்டாம் நாளே வென்னீரை வைத்து, ஆவி பிடிக்கப் போர்வையும் எடுத்து வந்துவிட்டாள். சளிக்கு அது நல்லதாயிருக்கலாம். இந்த நிலையில் சூட்டினால் வீக்கமும் இரத்தப் பெருக்கும் அதிகமாகும். மஞ்சள் பற்றும் வேண்டாம். வலி என்றவுடன் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்து. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியவை. வைத்தியரைக் கேட்காமல் தரலாகாது.

நான்காவது, குனிவதும் பாரம் தூக்குவதும் சில வாரங்களுக்கு ஆகாது. கோலம், தண்ணீர்க் குடம், தேகப் பயிற்சி எல்லாம் காத்திருக்கட்டும். "வெள்ளிக்கிழமையாயிற்றே, விழுந்து நமஸ்காரம் செய்ய வேண்டாமா?" என்றாள் தமக்கை. நின்றபடி கும்பிட்டால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் ஜாமீன் கொடுத்தேன். கண்ணாடி அணிபவர்கள் அதன் பாரத்தை நாலு முதல் ஆறு வாரம் வரையில் மூக்கின்மேல் ஏற்றக் கூடாது. எங்கள் பெண்ணுக்கு வைத்தியர் சொன்னபடி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் பட்டி போட்டு ஒட்டினோம். வெயிலிலிருந்தும், மடியில் தாவும் குழந்தைகளிடமிருந்தும், புகையிலைப் புகையிலிருந்தும் விலகியிருப்பது அவசியம்.

நிற்காத இரத்தம், ஜுரம், நாளுக்கு நாள் ஏறும் வலி, மூச்சுத் திணறல், தண்ணீர் போல் தெளிவாக ஒழுகும் நீர் இவற்றில் ஒன்று கண்டாலும் யோசனை செய்துகொண்டிராமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

இவையெல்லாம் எளிதில் கடைப்பிடிக்கக்கூடியவை. கடினமானது மூன்றாவது வாரத்தில் வந்தது. கட்டை அவிழ்த்தாயிற்று, கண்ணின் கறுப்பும் போயிற்று. மூக்கோ பருத்து, நுனி தடித்து, யாருடையதோ போல் இருந்தது. எதிர் வீட்டு அம்மாள் வந்து, தன் மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "முன்பே லக்ஷணமாய் இருந்ததே!" என்றாள். அன்றிரவு அந்தப் பெண் சாப்பிட வரவில்லை. அறைக்குள் அழுகுரல் கேட்டது.

கதவண்டை நின்று, வைத்தியர் சொன்னதை மறுபடியும் சொன்னேன்: பெரும்பாலான வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும், மிச்சம் மாதக் கணக்கில் மெள்ள மெள்ள வடியும், நுனி தன் நிலைக்கு வர ஒரு வருஷமும் ஆகலாம். இன்று கண்ணாடியில் தெரிவது முடிவான மூக்கு அல்ல. இதைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய இன்னொன்றையும் சொன்னேன்: "அந்தப் பெயரை நான் வைத்திருக்கக் கூடாது, அம்மா." சிறிது நேரம் கழித்துக் கதவு திறந்தது. "பசிக்கிறது, மாமா" என்றாள்.

இப்போது வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்கிறது. மூக்கு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள். "நன்றாக மூச்சு விடுகிறாள்" என்று மட்டும் பதில் சொல்கிறேன். மூக்குக்கு ஒரு வாரம் கட்டுப் போடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மற்றவர்களுடைய நாக்குக்கும் ஒரு வருஷம் கட்டுப் போட்டால் நோயாளி சீக்கிரம் தேறுவாள் என்பது என் அனுபவம். என்னுடைய நாக்குக்குப் போட்டாயிற்று.