மாஞ்சோலை காடாக மீளட்டும்: அந்தக் காட்டில் தொழிலாளர்களுக்கு இடமுண்டா?

திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டங்கள் மீண்டும் காடாக வேண்டும் என்பதில் இன்று அரசு, வனத்துறை, நீதிமன்றம், சூழலியலாளர்கள் என எல்லாத் தரப்பும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. அந்தக் குரலுக்கு நாம் எதிரானவர்கள் அல்லர். தாமிரபரணிக்கும் மணிமுத்தாற்றுக்கும் நீர் தருபவை இம்மலைகளே. கீழே அந்த நீரை நம்பி வாழ்வோரில், கால்வாயின் கடைமடையில் கூலிக்கு நாற்று நடும் நம் மக்களும் அடக்கம். மலை தரிசானால் முதலில் தாகத்தில் தவிப்பது சேரிதான்.

நமது கேள்வி வேறு. காட்டை அழித்து ஈட்டிய ஆதாயம் யாருக்குச் சென்றது? அதை மீட்பதற்கான விலையை இப்போது யார் கொடுக்கிறார்கள்?

குத்தகையும் கூலியும்

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373.57 ஏக்கர் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நிலம் அரசுடைமையானது; நிறுவனத்தின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. காட்டை வெட்டித் தேயிலை நடவும், கொழுந்து பறிக்கவும் சமவெளியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் நிலமற்ற தலித்துகள். நான்கு தலைமுறைகள் அங்கேயே பிறந்து, உழைத்து, மடிந்தன.

கூலி உயர்வையும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையையும் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணியின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் பறிபோயின. தாங்கள் உழைத்த மலையின் நீர் ஓடிவரும் ஆற்றிலேயே அவர்கள் மாண்டனர்.

2018இல் இந்நிலங்கள் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டன. குத்தகை முடிவதற்கு நான்கு ஆண்டுகள் மீதமிருந்த நிலையில், 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை முன்வைத்து வெளியேறத் தொடங்கியது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. இவ்வழக்கின் தொடர்ச்சியாக, அகத்தியமலைப் பகுதி முழுவதிலும் காடு சாராத செயல்பாடுகளைக் கணக்கெடுக்குமாறு 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மத்திய அதிகாரக் குழுவுக்கு ஆணையிட்டது. காட்டை மீட்கும் பணிக்கு இதன் மூலம் நீதித்துறையின் முழு ஆதரவும் கிடைத்துள்ளது.

சட்டம் யாரைக் காண்கிறது?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினரோடு 'பிற மரபுவழி வனவாசிகள்' என்ற பிரிவினரையும் ஏற்கிறது. ஆனால் அவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து, வாழ்வாதாரத்துக்குக் காட்டைச் சார்ந்திருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். கணக்கு 1930 டிசம்பருக்குச் செல்கிறது. குத்தகை கையெழுத்தானதோ 1929இல். முதல் அணியில் மலையேறியவரின் பேரனுக்குத் தகுதி இருக்கலாம். 1930 டிசம்பருக்குப் பின் ஏறியவரின் பேரனுக்கு இராது. அதற்கும் மேலாக, தோட்டக் கூலியைச் சட்டம் எளிதில் வனவாசியாகக் காண்பதில்லை. காட்டுக்குள் பிறந்தாலும் அவர் நிறுவனத்தின் ஊழியர்.

அவர் குடியிருந்த வீடும் அவருடையதன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை முதலாளிமேல் வைத்தது. அதன் மறுபக்கம், வேலை போனால் வீடும் போகும் என்பது. தொண்ணூறு ஆண்டு வாழ்ந்த இடத்தில் ஒரு சென்ட் நிலம்கூடத் தொழிலாளரின் பெயரில் இல்லாமற்போனதற்கு இதுவே காரணம். ஒப்பந்தம் இருந்ததால் நிறுவனம் 'குத்தகைதாரர்' எனப்பட்டது. ஒப்பந்தம் ஏதுமில்லாத தொழிலாளர் இன்று 'வெளியேற்றப்பட வேண்டியவர்' ஆகிறார். நிலமற்றவராகப் பிறக்கவைத்த சாதியே இந்த வேறுபாட்டின் வேர்.

காடு தானாக மீளாது

தேயிலையைக் கைவிட்டால் மழைக்காடு தானே திரும்பிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கவாத்து செய்யாத தேயிலை உயர்ந்து வளரும்; இடைவெளிகளை உண்ணிச்செடி போன்ற அயல் களைகள் மூடும். நிழலுக்கென நட்ட சில்வர் ஓக் மரங்களும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவையே. எந்த மரத்தையாவது நடுவதும் மீட்பாகாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைப் புல்வெளிகளில் அரசே நட்ட சீகை மரங்களை அகற்றும் பணி இன்னும் முடியவில்லை.

அகத்தியமலையின் நடுத்தர உயரக் காடுகளில் வெடிப்பலாவும் நாங்கும் போன்ற மரங்களே உரியவை. இத்தகைய மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் உலர்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். அவை உதிரும் பருவமறிந்து பொறுக்கி, உடனே நாற்றங்காலில் இட வேண்டும். நாற்றை மழைக்காலத்தில் நட்டு, சில ஆண்டுகளேனும் களையெடுத்துக் காக்க வேண்டும். ஆனைமலையின் வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்த காட்டுத் துண்டுகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் மீட்டுவருகிறது. நாற்றங்கால், குழி, களை என ஒவ்வொரு கட்டமும் மனித உழைப்பைக் கேட்கிறது.

மாஞ்சோலையின் சரிவுகளையும் ஓடைகளையும் மழையையும் யானைத் தடங்களையும் தம் கால்களால் அறிந்தவர்கள் அத்தொழிலாளர்களே. அவர்களை வெளியேற்றிவிட்டு, அதே சரிவில் களையெடுக்க ஒப்பந்தக்காரர் வேறு கூலிகளைக் கொண்டுவருவாரெனில், அதில் சூழலியலும் இல்லை, நீதியும் இல்லை.

நாம் கோருவது

முதலாவது, பணம் இல்லை என்ற வாதத்தை ஏற்க முடியாது. ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 2019இல் மட்டும் ஒன்றிய அரசு 47,000 கோடி ரூபாய்க்கும் மேல் மாநிலங்களுக்கு விடுவித்தது. மாஞ்சோலையின் மீட்புக்கு இந்நிதியைக் கோரி, நாற்றங்காலிலும் நடவிலும் பராமரிப்பிலும் முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமையுடன், நியாயமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கொண்ட வேலை தரப்பட வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் குடியிருப்பு கூடாதெனில், மலையடிவாரத்திலிருந்து வந்துசெல்லும் ஏற்பாட்டைச் செய்யலாம்.

இரண்டாவது, வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கோட்பாடு இங்கும் பொருந்தும் என்பதே நம் வாதம். காட்டைத் தேயிலையாக்கி ஆதாயம் பெற்றவர் மீட்புச் செலவில் பங்கேற்க வேண்டும்.

மூன்றாவது, மறுவாழ்வு என்பது நான்கு சுவர்களோடு முடிவதன்று. வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இலேயே தீர்ப்பாயிற்று. வீட்டோடு விளைநிலமும் பெண்களின் பெயரில் பட்டாவும் வழங்கப்பட வேண்டும். வன உரிமைக் கோரிக்கைகள் நிலுவையில் இருப்பின், சட்டத்தின் 4(5) பிரிவின்படி, அவற்றின் சரிபார்ப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது.

சூழலியல் மாணவர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் இங்கு வேலை இருக்கிறது. கணக்கெடுப்பு அறிக்கைகள் வெளிவரும்போது, அவற்றில் எத்தனை ஹெக்டேர், எத்தனை மர இனங்கள் என்பவற்றோடு, எத்தனை தொழிலாளர் குடும்பங்கள் பதிவாகியுள்ளன என்பதையும் தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லையெனில், அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள்.