வினாடி வினாவுக்கு விடை நம்ம தெருவிலேயே இருக்கு

பாரம்பரியத்தைக் காக்க 1984-ல் உருவான இன்டாக் அமைப்பு, 7 முதல் 10-ம் வகுப்பு மாணவர்களுக்கு வினாடி வினா நடத்துகிறது. அணிக்கு இருவர். முதலில் எழுத்துச் சுற்று. முன்னிலை அணிகளுக்கு மேடைச் சுற்று. நகரத்தில் ஜெயித்தால் படிப்படியாக தேசிய அளவு வரை போகலாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. பட்டினத்தார் சமாதி இருப்பது திருவொற்றியூரில். வடசென்னைப் பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் இடங்கள்தான் இவை.

‘இதெல்லாம் பெரிய ஸ்கூல் சமாச்சாரம்’ என்று இங்குள்ள பள்ளிகள் ஒதுங்கிவிடக் கூடாது. கன்டெய்னர் லாரியும் ஆலைப்புகையும் மட்டும்தான் நம்ம ஏரியா என்று நினைக்கும் பிள்ளைக்கு, தன் ஊருக்கும் வரலாறு உண்டு என்று தெரிவது கோப்பையைவிடப் பெரிது. மாதம் அரைநாள் இந்த இடங்களுக்குக் கூட்டிப்போங்கள். தயாரிப்பு அங்கேயே தொடங்கிவிடும்.