லிங்க்ட்இன் தேடித் தரும் வாடிக்கையாளர்: சிறு நிறுவனங்களுக்குப் பலன் யாருக்கு, எதுவரை?

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் பித்தளைக் கலைப்பொருள்கள் செய்யும் பட்டறைகளுக்கும், குஜராத்தின் ராஜ்கோட்டில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. பொருளை வாங்கக்கூடிய பெரிய நிறுவனத்தில் முடிவெடுப்பவர் யார் என்பது அவற்றுக்கு எளிதில் தெரிவதில்லை. மொராதாபாத் உற்பத்தியாளர்களுக்கு, ஆண்டுக்கு இருமுறை கிரேட்டர் நொய்டாவில் நடைபெறும் கைவினைப்பொருள் கண்காட்சியும் கொள்முதல் முகவர்களுமே வெளிநாட்டு வணிகர்களை அணுகுவதற்கான முக்கிய வழிகளாக இருந்து வருகின்றன.

லிங்க்ட்இன் போன்ற தொழில்முறை வலைத்தளங்கள் பயன்படுவது இங்குதான். 2003-இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் நிறுவனத்தை 2016-இல் மைக்ரோசாப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகப் பயனர்களைக் கொண்ட இந்தியாவில் அவர்களின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துவிட்டது. வேலை தேடுவோருக்கான தளமாகவே பலர் இதை அறிந்திருக்கின்றனர். ஆனால், பதவி, துறை, ஊர் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரைத் தேடிக் கண்டறியும் வசதியே சிறு உற்பத்தியாளருக்கு முதன்மையான பலன். புணேவில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் கொள்முதல் மேலாளர் யார் என்பதை ராஜ்கோட்டில் இருந்தபடியே அறிந்துகொள்ளலாம்.

இந்தப் பலன் எல்லோருக்கும் பொருந்தாது. மளிகைக் கடைக்கும் தையலகத்துக்கும் வாட்ஸ்அப்பும் கூகுள் வரைபடமும் போதுமானவை. நிறுவனங்களுக்கே விற்பனை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் இத்தளத்தால் ஆதாயம் அதிகம்.

நிறுவனத்தின் பெயரிலான பக்கத்தைவிட, உரிமையாளரின் சொந்தப் பக்கமே பெரும்பாலும் கவனம் பெறுகிறது. பண்டிகை வாழ்த்துப் படங்களாலேயே நிரம்பிய நிறுவனப் பக்கங்கள் ஏராளம். கொள்முதல் மேலாளர் தேடுவது அவற்றையல்ல. எந்த உலோகத்தில் வேலை நடைபெறுகிறது, மாதம் எத்தனை உருப்படிகள் தயாரிக்க முடியும், தரச்சான்று உள்ளதா, மாதிரி அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பனவே அவருக்குத் தேவை. ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பொருத்தமான பத்துப் பேருக்குத் தெளிவாக எழுதுவது பயன் தரும்.

மொழியும் ஒரு தடையே. 2021 டிசம்பரில் இந்தியில் இயங்கத் தொடங்கிய லிங்க்ட்இன், 2024-இல் வங்கம், மராத்தி, தெலுங்கு, பஞ்சாபி ஆகியவற்றைச் சேர்த்தபோது தமிழ் இடம்பெறவில்லை. எந்த மொழியில் தளம் இயங்கினாலும், வணிகக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன என்பதையும் மறுக்க இயலாது.

அறிமுகம் கிடைத்த பிறகே உண்மையான இடர் தொடங்குகிறது. ஆதாரைக் கொண்டு அடையாளத்தை உறுதிப்படுத்தும் வசதி இந்தியப் பயனர்களுக்கு உண்டு. ஆனால் அந்த முத்திரை, ஆள் உண்மையானவர் என்பதை மட்டுமே காட்டும். அவர் பணம் தருவாரா என்பதைக் காட்டாது. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் சரிபார்ப்பதும், நிறுவனத்தின் அலுவலக எண்ணுக்கே அழைத்துப் பேசுவதும் சில நிமிட வேலைதான். மோசடியில் பணம் இழந்தோர் 1930 என்ற உதவி எண்ணில் உடனே புகார் அளிக்கலாம்.

மோசடி இல்லாவிடினும், தாமதமாக வரும் பணம் சிறு நிறுவனத்தை முடக்கிவிடும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் வழங்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. புதிய வாடிக்கையாளரை இணையத்தில் கண்டறிந்த உற்சாகத்தில், உத்யம் பதிவு எண்ணை விலைப்பட்டியலில் குறிப்பிடாமல் விடுவது இந்த உரிமையைக் கோரும்போது சிக்கலை ஏற்படுத்தக்கூடும்.

வெளிநாட்டு வணிகரிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பணம் பெறுவது கடினம். அங்கு முன்பணமோ, எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதமோ, மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகமான இ.சி.ஜி.சி. வழங்கும் காப்பீடோதான் துணை. இவற்றுக்கான ஏற்பாட்டைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.