விழுந்த கம்பத்தையே மீண்டும் நடுவதா?

தலைநகரில் மின்சாரம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் 2012 ஜூலை 30, 31 தேதிகள் நினைவுகூரப்படுகின்றன. முதல் நாள் வடமாநில மின்தொகுப்பு நிலைகுலைந்தது. மறுநாள் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் உடன் சரிந்து, நாட்டில் ஏறத்தாழ பாதி மக்கள் வாழும் பகுதி மின்சாரமின்றித் தவித்தது. அதன் பின்னர் தில்லி விழித்துக்கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை. உயரழுத்தத் தடங்கள் பலப்படுத்தப்பட்டன. 2013 டிசம்பர் 31-ல் தென்மாநிலத் தொகுப்பும் தேசியத் தொகுப்புடன் இணைந்தது. 2024 மே 30-ல், கடும் வெப்பத்தின் நடுவே, மின்தேவை 2,50,000 மெகாவாட் என்ற உச்சத்தை எட்டியபோதும் தொகுப்பு தாக்குப்பிடித்தது.

ஆனால், புயலுக்கு இந்தப் பெருந்தடங்கள் மட்டுமா இலக்கு?

2019 மே 3-ல் புரி அருகே கரையைக் கடந்த ஃபானி புயலின்போது ஒடிசா அரசு 12 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியது. 1999-ல் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் பலிகொண்ட பெரும்புயலுடன் ஒப்பிட்டால், அது மகத்தான சாதனை. உயிர்கள் காக்கப்பட்டன, மின்சாரம் காக்கப்படவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புரி வட்டாரத்தில் வாரக்கணக்கில் இருள். மின்சாரம் இல்லையேல் குடிநீர் ஏற்றும் மோட்டார் இல்லை, செல்பேசிக் கோபுரம் இல்லை, மருத்துவமனை டீசலை நம்பியே நடக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையில் விட்டுச்சென்றதும் இதே காட்சிதான்.

விழுந்த கம்பங்கள் போர்க்கால வேகத்தில் மீண்டும் நடப்படுகின்றன. அந்த ஊழியர்களின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் அதே ஆழத்தில், அதே இடைவெளியில் நட்டால் அடுத்த புயலில் அவை மீண்டும் சாயும். இதற்குக் காரணம் பொறியாளர்களின் அறியாமை அல்ல. பணம் வரும் வழி அப்படி. பேரிடர் நிவாரண நிதி, சேதமடைந்ததை உடனடியாகச் சீரமைப்பதற்கே உரியது. கம்பத்தின் அடித்தளத்தை ஆழப்படுத்துவதும், மருத்துவமனைக்கும் நீரேற்று நிலையத்துக்கும் செல்லும் தடத்தையாவது புதைவடமாக்குவதும், தாழ்வான இடத்திலுள்ள துணைமின் நிலையத்தை உயர்த்துவதும் கடனில் தத்தளிக்கும் மாநில மின்விநியோக நிறுவனங்களின் தலையில் விழுகின்றன. மத்திய அரசு 2021-ல் அறிவித்த, மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மின்விநியோகச் சீரமைப்புத் திட்டமும் மின் இழப்பைக் குறைப்பதையும் ஸ்மார்ட் மீட்டரையுமே முன்னிறுத்தியது. மீட்டர் எவ்வளவு துல்லியமானால் என்ன, கம்பம் வயலில் கிடந்தால்?

பதினைந்தாவது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கான பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிக்கென ஒதுக்கப் பரிந்துரைத்தது. அத்தகைய ஒதுக்கீட்டில் கரையோர மாவட்டங்களின் மின்விநியோகத்துக்கெனத் தனிப் பங்கைக் கோர, ஒடிசா, ஆந்திரம், தமிழகம், மேற்கு வங்கம் ஆகிய நான்கும் கட்சி வேறுபாடு மறந்து ஒரே குரலில் பேசலாம். ஆண்டுதோறும் அக்டோபரில் வானிலை அறிக்கையைப் பார்த்துக் கம்பங்களை லாரியில் ஏற்றும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.