அச்சேறியதெல்லாம் அறிவியலா?

“ஆய்வில் கண்டுள்ளனர்” என்று ஒருவன் சொல்லிவிட்டாற் போதும். எவருடைய ஆய்வு, எத்தனை பேரை ஆய்ந்தது, எவ்வாறு ஆய்ந்தது என்று கேட்பாரில்லை. அதுவும் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சேறியதாயின், கைகட்டி வாய்பொத்தி ஏற்பதே படித்தவர் வழக்கமாகிவிட்டது.

1998-இல் ‘இலான்செட்டு’ என்னும் இலண்டன் மருத்துவ இதழில் ஆந்துரூ வேக்குபீல்டும் உடனாய்ந்த பன்னிருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தட்டம்மை, புட்டாளம்மை, உருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியால் மதியிறுக்கம் வருகிறது என்னும் அச்சம் உலகெங்கும் பரவியது அதன்பின்னரே.

அக்கட்டுரையைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஆயப்பட்டோர் பன்னிரண்டே குழந்தைகள். ஊசி போடாத குழந்தைகளை எதிர்நிறுத்தி ஒப்பிட்டனரா? இல்லை. எண்மர்க்கு ஊசியை ஒட்டிக் குறை தோன்றியதாகப் பெற்றோரோ மருத்துவரோ கருதினர், சான்று அவ்வளவே. அவ்வூசி போடும் அகவையும் மதியிறுக்கத்தின் அறிகுறிகள் புலப்படும் அகவையும் ஏறத்தாழ ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! இரண்டுக்கும் தொடர்புண்டென மெய்ப்பிக்கவில்லை என்று அக்கட்டுரையே ஒப்புக்கொண்டிருந்தது. செய்தித்தாளின் தலைப்போடு நின்றவனுக்கு அவ்வரி எங்ஙனம் தெரியும்?

2002-இல் தென்மார்க்கு நாட்டார் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆய்ந்து வெளியிட்டனர். ஊசி போட்டவரிடை மதியிறுக்கம் போடாதவரிடைக் காட்டிலும் மிகுந்திருக்கவில்லை. பன்னிரண்டு எங்கே, ஐந்து இலக்கத்துக்கு மேல் எங்கே!

பணத்தின் கதை 2004-இல் வெளிப்பட்டது. ஊசி செய்யும் நிறுவனங்கள்மேல் வழக்காட முனைந்த பெற்றோரின் வழக்கறிஞர்வழி வேக்குபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. கட்டுரையில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. உடனாய்ந்தோருள் பதின்மர் அவ்வாண்டே அக்கட்டுரையின் கருத்துரையைக் கைவிட்டனர். இதழோ 2010-இல்தான் கட்டுரையை முற்றும் விலக்கிக்கொண்டது. பிரித்தானிய மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் அவ்வாண்டே நீக்கப்பட்டது.

கட்டுரைப் பிழைகளை விடக் கொடிது அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் காலந்தாழ்ச்சி! அதற்குள் ஊசியின்றி விடப்பட்ட குழந்தைகள் வளர்ந்தனர். 2012-13-இல் வேல்சு நாட்டின் சுவான்சிப் பகுதியில் தட்டம்மை பரவி, ஆயிரவர்க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று, ஒருவர் மாண்டார்.

தமிழ்நாடு மட்டும் தப்பியதா? 2017-இல் தட்டம்மைக்கும் உருபெல்லாவுக்கும் பள்ளிதோறும் ஊசி போடத் தொடங்கியபோது, அவ்வூசியைப் பற்றிய புரளிகள் கைப்பேசிவழிப் பறந்தன. ஆய்வின் பெயரும் அறியாது, அடியும் முடியும் பாராது, வந்ததை வந்தபடியே அடுத்தவர்க்குத் தள்ளினர். பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்க, அரசு ஊசி போடும் நாள்களை நீட்டிக்க நேர்ந்தது.